லினக்ஸ் கருனியின் நினைவக வழுநீக்க நிரல்களின் மறுசீரமைப்பு

லினக்ஸ் கருனியின் நினைவக வழுநீக்க நிரல்களின் மறுசீரமைப்பு என்பது, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருனியில் நினைவகப் பிழைகளைக் கண்டறிவதற்காக எழுதப்பட்ட நிரல் பகுதிகளை, அவற்றின் வெளிப்படையான செயற்பாடு மாறாமல், மீண்டும் ஒழுங்குபடுத்தி எழுதும் பணிகளைக் குறிக்கும். கெர்னல் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இக்கருனியின் முதல் பதிப்பை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டு வெளியிட்டார். அதன் நினைவக மேலாண்மைப் பகுதியில் சிதறிக் கிடந்த வழுநீக்க நிரல்கள், குறிப்பாக 2014 ஆம் ஆண்டிற்குப் பின், படிப்படியாகப் பிரித்தெடுக்கப்பட்டும் ஒன்றிணைக்கப்பட்டும் வந்துள்ளன. அணைத்து வைத்திருக்கும்போது எந்தச் செலவும் வைக்காத, தேவைப்படும்போது பயனரின் கணினியிலேயே இயக்கக்கூடிய, பிழையை உண்மையாகவே பிடிக்கக்கூடிய கருவிகளை உருவாக்குவதே இப்பணிகளின் நோக்கமாகும்.

பின்னணி

கணினியின் நினைவகத்தை எந்த நிரலுக்கு எவ்வளவு ஒதுக்குவது, ஒதுக்கியதை எப்போது திரும்பப் பெறுவது என்பவற்றைக் கருனியே தீர்மானிக்கிறது. நினைவகம் பக்கங்கள் எனப்படும் சம அளவுத் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. எக்ஸ்86 வகைக் கணினிகளில் ஒரு பக்கத்தின் அடிப்படை அளவு 4096 பைட்டுகள் ஆகும். முழுப் பக்கங்களைப் பக்க ஒதுக்கி வழங்குகிறது. அதனினும் சிறிய துண்டுகளை ஸ்லேப் வகை ஒதுக்கிகள் வழங்குகின்றன.

கருனி பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. ஒரு சுட்டு சரியான இடத்தைச் சுட்டுகிறதா என்பதைச் சி மொழி சரிபார்ப்பதில்லை. பயனர் நிரல் ஒன்று தவறான முகவரியைத் தொட்டால் கருனி அந்நிரலை மட்டும் நிறுத்திவிடும். ஆனால் கருனியே தவறு செய்தால் அதைத் தடுக்க அதற்கு மேல் எதுவும் இல்லை. அத்தவறு கோப்பு முறைமையின் தரவையோ, வேறொரு பயனரின் தகவலையோ ஓசையின்றிச் சிதைக்கலாம். பல வேளைகளில் தவறு நிகழ்ந்து நெடுநேரம் கழித்து, அதனோடு தொடர்பே இல்லாத வேறொரு பகுதியில்தான் கணினி நின்றுபோகும். இத்தகைய வழுக்கள் பாதுகாப்புக் குறைபாடுகளாகவும் அமைந்து, தாக்குபவர் கணினியைக் கைப்பற்ற வழிசெய்வதுண்டு.

நினைவக வழுக்களின் வகைகள்

கருனியில் பெரும்பாலும் காணப்படும் நினைவக வழுக்கள் பின்வருமாறு:

- எல்லை மீறல்: ஒதுக்கப்பட்ட இடத்தின் எல்லைக்கு அப்பால் படித்தல் அல்லது எழுதுதல்.
- விடுவித்த பின் பயன்படுத்தல்: திரும்பக் கொடுத்துவிட்ட நினைவகத்தைப் பழைய சுட்டின் வழியாக மீண்டும் தொடுதல்.
- இருமுறை விடுவித்தல்: ஒரே துண்டை இரண்டு முறை திரும்பக் கொடுத்தல்.
- தொடக்க மதிப்பு இடாமை: எதுவும் எழுதப்படாத இடத்தில் இருக்கும் பழைய தரவைப் படித்தல்.
- நினைவகக் கசிவு: பயன்பாடு முடிந்த பின்னும் திரும்பக் கொடுக்காமல் விடுதல்.

கண்டறியும் முறைகள்

நஞ்சூட்டல். விடுவிக்கப்பட்ட இடம் முழுவதும் முன்பே தெரிந்த ஒரு மதிப்பு நிரப்பப்படும். மீண்டும் ஒதுக்கும்போது அம்மதிப்பு மாறியிருந்தால் இடையில் யாரோ எழுதியுள்ளனர் என்பது தெளிவாகும். ஸ்லப் ஒதுக்கி இதற்குப் பதின்ம எண் 107-ஐப் பயன்படுத்துகிறது. ஆஸ்கி குறிமுறையில் இது ஆங்கிலச் சிறிய எழுத்தான 'கே' ஆகும். ஆகவே நினைவகப் பதிவுகளில் 'கே' எழுத்து வரிசையாகத் தோன்றினால், விடுவிக்கப்பட்ட இடம் பயன்படுத்தப்பட்டுள்ளது என அனுபவமுள்ளோர் உடனே ஐயுறுவர்.

செவ்வலயம். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் சில பைட்டுகள் காவலாக விடப்படும். அவற்றின் மதிப்பு மாறினால் எல்லை மீறல் நடந்துள்ளது எனப் பொருள்.

இணைப்பு நீக்கல். விடுவிக்கப்பட்ட பக்கத்தைக் கருனியின் முகவரி வரைபடத்திலிருந்தே நீக்கிவிடுதல். அதைத் தொட்ட கணமே செயலி தடை எழுப்பும். 'டீபக் பேஜ்அலாக்' என்னும் வசதி இவ்வாறு செயற்படுகிறது.

உரிமையாளர் பதிவு. ஒவ்வொரு பக்கத்தையும் எந்த நிரல்வழி ஒதுக்கியது என்னும் அழைப்புத் தடத்தைச் சேமித்தல். 'பேஜ் ஓனர்' இவ்வகையைச் சார்ந்தது.

நிழல் நினைவகம். ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட்டு வீதம் தனியே ஒதுக்கி, அந்த 8 பைட்டுகளில் எவற்றைத் தொடலாம் என எழுதிவைத்தல். 2015 ஆம் ஆண்டு 4.0 பதிப்பில் அன்ட்ரே ரியாபினின் சேர்த்த 'கேசான்' இம்முறையைப் பின்பற்றுகிறது.

மறுசீரமைப்பின் தேவை

இவ்வசதிகள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நிரலாளர்களால், தத்தம் உடனடித் தேவைக்காக எழுதப்பட்டவை. இதனால் மூன்று சிக்கல்கள் எழுந்தன.

முதலாவது, மைய நிரலும் சோதனை நிரலும் கலந்து கிடந்தமை. பக்க ஒதுக்கியின் மூலநிரல் கோப்பில் ஒதுக்கீட்டு வழிமுறைக்கு நடுவே வழுநீக்கத்திற்கான துண்டுகள் ஆங்காங்கே இடம்பெற்றிருந்தன. ஒதுக்கீட்டு வழிமுறையைப் படிப்பவருக்கு எது இன்றியமையாதது, எது சோதனைக்கானது என்பது விளங்கவில்லை.

இரண்டாவது, பல வசதிகளைப் பெறுவதற்குக் கருனியை மீண்டும் கம்பைல் செய்ய வேண்டியிருந்தமை. அரிய நினைவக வழுக்கள் நிரலாளரின் மேசையில் தோன்றுவது குறைவு. பெரும்பாலும் அவை பயனரின் வழங்கியில், பல நாள் ஓட்டத்திற்குப் பின்னரே தலைகாட்டுகின்றன. அங்கே வேறொரு கருனியை நிறுவினால் நினைவக அமைப்பும் நேர ஒழுங்கும் மாறி, தேடிய வழுவே மறைந்துபோகலாம்.

மூன்றாவது, செலவு. ஒவ்வொரு பக்கத்திற்கும் கருனி ஒரு விவரக் கட்டமைப்பை வைத்திருக்கிறது. 64 பிட் கணினிகளில் இதன் அளவு பொதுவாக 64 பைட்டுகள் ஆகும். 4 கிகாபைட்டு நினைவகத்தில் 10,48,576 பக்கங்கள் உள்ளன. ஆகவே இவ்விவரங்களுக்கு மட்டும் 64 மெகாபைட்டு தேவைப்படுகிறது. சோதனைக்காக இக்கட்டமைப்பில் 8 பைட்டு கூட்டினாலும் மேலும் 8 மெகாபைட்டு செலவாகும். 64 கிகாபைட்டு கொண்ட வழங்கியில் இது 128 மெகாபைட்டு. சோதனையைப் பயன்படுத்தாதவரும் இவ்விலையைக் கொடுக்க வேண்டியிருப்பதால், இத்தகைய வசதிகள் பொதுப் பயன்பாட்டுக் கருனிகளில் இடம்பெற இயலவில்லை.

முக்கிய மறுசீரமைப்புகள்

தனிக் கோப்புகளாகப் பிரித்தல்

2014 ஆம் ஆண்டு வெளியான 3.18 பதிப்பில், பக்கங்களின் விவரங்களை அச்சிடும் வழுநீக்க நிரல்களைப் பக்க ஒதுக்கியின் கோப்பிலிருந்து சாஷா லெவின் தனிக் கோப்பிற்கு மாற்றினார். இந்நிரல்களைப் பக்க ஒதுக்கி மட்டுமன்றிப் பிற பகுதிகளும் பயன்படுத்தின. ஆயினும் வேறு இடம் இல்லாமையால் அவை அங்கே சேர்ந்துகொண்டே இருந்தன. இப்போக்கு பிற்காலத்திலும் தொடர்ந்தது. 2023 ஆம் ஆண்டின் 6.5 பதிப்பில் டீபக் பேஜ்அலாக் தொடர்பான நிரல்களும், ஒதுக்கீடு தோல்வியுறுவதைச் செயற்கையாக உண்டாக்கும் நிரல்களும் பக்க ஒதுக்கியிலிருந்து தனித்தனிக் கோப்புகளாகப் பிரிக்கப்பட்டன.

பக்க நீட்சி

பேஜ் ஓனர் வசதி பல ஆண்டுகள் ஆண்ட்ரூ மார்ட்டன் பராமரித்த சோதனைக் கிளையிலேயே இருந்தது. அது பக்க விவரக் கட்டமைப்பைப் பெரிதாக்கியதும், கருனியை மீண்டும் கம்பைல் செய்ய வைத்ததும் முதன்மைக் கிளையில் சேர்வதற்குத் தடையாக இருந்தன. 2015 பெப்ரவரியில் வெளியான 3.19 பதிப்பில் சூன்சூ கிம் 'பக்க நீட்சி' என்னும் அமைப்பை அறிமுகப்படுத்தி இத்தடையை நீக்கினார்.

இதனை விளங்கிக்கொள்ள ஆம்பூரில் உள்ள ஒரு தோல் கிடங்கைக் கற்பனை செய்யலாம். ஒவ்வொரு தோலிலும் பெரிய அட்டையைக் கட்டி அதில் எல்லா விவரங்களையும் எழுதினால், ஆய்வு நடக்காத நாள்களிலும் அந்த அட்டைகள் இடத்தை அடைக்கும். அதற்கு மாறாகத் தோலில் எண்ணை மட்டும் குறித்து, ஆய்வு நடக்கும்போது மட்டும் தனிப் பேரேடு ஒன்றைத் திறந்தால், அட்டைகளுக்குத் தேவை இராது. பக்க நீட்சி அத்தகைய பேரேடு ஆகும். கருனி துவங்கும்போது எந்தச் சோதனை வசதியாவது கேட்டால் மட்டுமே அதற்கான நினைவகம் ஒதுக்கப்படும். பக்கத்தின் எண்ணைக் கொண்டு அதன் பதிவு கண்டறியப்படும்.

இவ்வமைப்பின் மேல் பேஜ் ஓனர் முதன்மைக் கிளையில் சேர்க்கப்பட்டது. அதே பதிப்பில் டீபக் பேஜ்அலாக் வசதியும் இதற்கு மாற்றப்பட்டது. இவை உள்ளடக்கப்பட்ட கருனியில், துவக்கக் கட்டளை வரியில் ஒரு சொல்லைச் சேர்ப்பதன் மூலம் சோதனையை இயக்கவும், அதை நீக்குவதன் மூலம் அணைக்கவும் முடிந்தது.

நிலைச் சாவிகள்

துவக்க நேரத்தில் தேர்வு செய்ய வேண்டுமெனில், சோதனை இயங்குகிறதா என்பதை ஒவ்வொரு ஒதுக்கீட்டின்போதும் பார்க்க வேண்டும். நொடிக்குப் பல இலட்சம் முறை நிகழக்கூடிய ஒரு செயலில் இச்சிறு கேள்வியும் சுமையாகும். 2011 ஆம் ஆண்டின் 2.6.37 பதிப்பில் அறிமுகமான தாவல் குறி நுட்பம் இதற்குத் தீர்வானது. சோதனை அணைந்திருக்கும்போது அவ்விடத்தில் எதுவும் செய்யாத ஒரு கட்டளை மட்டுமே இருக்கும். இயக்கும்போது கருனி தன் நிரலையே திருத்தி, அங்கே தாவல் கட்டளையை எழுதிக்கொள்ளும். இவ்வாறு அமைந்த தேர்வுகள் நிலைச் சாவிகள் எனப்படுகின்றன. 2019 ஆம் ஆண்டின் 5.3 பதிப்பில் டீபக் பேஜ்அலாக் வசதியும் இம்முறைக்கு மாறியது.

அழைப்புத் தடங்களின் பொதுக் கிடங்கு

பேஜ் ஓனர் தொடக்கத்தில் ஒவ்வொரு பக்கத்திற்கும் 8 முகவரிகள் கொண்ட அழைப்புத் தடத்தைச் சேமித்தது. 64 பிட் கணினியில் இதற்கு 64 பைட்டுகள் தேவை. ஆனால் இலட்சக்கணக்கான பக்கங்கள் ஒரே நிரல்வழியில் ஒதுக்கப்படுவதால் ஒரே தடம் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டது. 2016 ஆம் ஆண்டின் 4.6 பதிப்பில் கேசானுக்காக அலெக்சாண்டர் பொட்டாபென்கோ உருவாக்கிய பொதுக் கிடங்கு, ஒரு தடத்தை ஒரே முறை சேமித்து அதற்கு 4 பைட்டு அடையாள எண்ணைத் தருகிறது. பின்னர் 4.8 பதிப்பில் பேஜ் ஓனரும் இதைப் பயன்படுத்தத் தொடங்கியது.

ஸ்லப் ஒதுக்கியின் வழுநீக்க நிரலை இக்கிடங்கிற்கு மாற்றுவது அவ்வளவு எளிதாக அமையவில்லை. 2021 ஆம் ஆண்டு 5.14 பதிப்பின் உருவாக்கத்தின்போது சேர்க்கப்பட்ட அம்மாற்றம், சிக்கல்கள் எழுந்ததால் அப்பதிப்பு வெளியாகும் முன்னரே திரும்பப் பெறப்பட்டது. திருத்தங்களுடன் 2022 ஆம் ஆண்டின் 5.19 பதிப்பில் அது மீண்டும் இடம்பெற்றது.

ஒதுக்கிகளைக் குறைத்தல்

சிறு துண்டுகளை வழங்க லினக்ஸில் ஸ்லேப், ஸ்லப், ஸ்லாப் என மூன்று ஒதுக்கிகள் நீண்ட காலம் இருந்தன. இவற்றுள் ஸ்லேப் ஒதுக்கியின் கருத்தை 1994 ஆம் ஆண்டு ஜெஃப் பான்விக் சொலாரிஸ் இயங்குதளத்திற்காக வெளியிட்டார். கிறிஸ்டோப் லாமிட்டர் எழுதிய ஸ்லப், 2007 ஆம் ஆண்டின் 2.6.22 பதிப்பில் சேர்ந்தது. ஸ்லேப்பின் வழுநீக்க வசதியைப் பெறக் கருனியை அதற்கெனவே கம்பைல் செய்ய வேண்டும். ஸ்லப்பிலோ துவக்கக் கட்டளை வரியிலேயே, விரும்பிய ஒரு வகைத் துண்டுகளுக்கு மட்டும் நஞ்சூட்டலையும் செவ்வலயத்தையும் இயக்கலாம்.

மூன்று ஒதுக்கிகள் இருந்தமையால் புதிய சோதனை வசதி ஒவ்வொன்றையும் அவற்றோடு தனித்தனியே பொருத்திப் பார்க்க வேண்டியிருந்தது. 2023 ஆம் ஆண்டின் 6.4 பதிப்பில் ஸ்லாப்பும், 2024 ஆம் ஆண்டின் 6.8 பதிப்பில் ஸ்லேப்பும் நீக்கப்பட்டு ஸ்லப் மட்டும் எஞ்சியது.

கேசான் பிரிப்பு

தொடக்கத்தில் கேசான் நிழல் நினைவகம் ஒன்றையே நம்பியிருந்தது. 2019 ஆம் ஆண்டின் 5.0 பதிப்பில் சுட்டிலேயே அடையாளக் குறி வைக்கும் மென்பொருள் முறையும், 2021 ஆம் ஆண்டின் 5.11 பதிப்பில் ஆர்ம் செயலிகளின் நினைவகக் குறியிடல் வசதியைப் பயன்படுத்தும் வன்பொருள் முறையும் சேர்ந்தன. வன்பொருள் முறையில் 16 பைட்டுகளுக்கு ஒரு 4 பிட் குறி இடப்படுகிறது. சுட்டின் குறியும் நினைவகத்தின் குறியும் பொருந்துகின்றனவா என்பதைச் செயலியே பார்க்கிறது. இம்மாற்றங்களுக்கு இடமளிக்க, பழைய நிரல் பொதுப் பகுதியாகவும் ஒவ்வொரு முறைக்குமான தனிப் பகுதியாகவும் பிரிக்கப்பட்டது. அன்ட்ரே கொனொவாலொவ் இப்பணியில் பெரும்பங்கு ஆற்றினார். இப்பிரிப்பினால் அழைக்கும் பகுதிகளில் மாற்றமின்றி மூன்று முறைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிகிறது.

நீக்கப்பட்டவை

பயன் குறைந்த கருவியை நீக்குவதும் மறுசீரமைப்பின் ஒரு பகுதியே. தொடக்க மதிப்பு இடாத நினைவகத்தைக் கண்டறிய 2009 ஆம் ஆண்டின் 2.6.31 பதிப்பில் சேர்க்கப்பட்ட 'கேமெம்செக்', ஒரே ஒரு செயலியில் மட்டும் மிக மெதுவாக இயங்கியது. 2018 ஆம் ஆண்டின் 4.15 பதிப்பில் அது நீக்கப்பட்டது. அதே 2.6.31 பதிப்பில் கேட்டலின் மரினாஸ் சேர்த்த கசிவு கண்டறியும் கருவியான 'கேமெம்லீக்' தொடர்ந்து இடம்பெற்றுள்ளது.

பக்க அட்டவணைச் சோதனை நிரல்

சோதனை நிரலே தவறு செய்யக்கூடும் என்பதற்குப் பக்க அட்டவணைச் சோதனை நிரல் நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வொரு செயலிக் கட்டமைப்பும் பக்க அட்டவணைகளைக் கையாளும் செயற்கூறுகளைத் தனக்கேற்ப எழுதிக்கொள்கிறது. அவை கருனியின் பொதுப் பகுதி எதிர்பார்க்கும் விதிகளின்படி நடக்கின்றனவா என்பதைக் கருனி துவங்கும்போது சரிபார்க்கும் நிரலை, ஆர்ம் நிறுவனத்தின் பொறியாளர் அன்சுமன் கண்டுவால் எழுதினார். இது 2020 ஆம் ஆண்டின் 5.8 பதிப்பில் சேர்ந்தது.

பவர்பிசி கட்டமைப்பில் இச்சோதனைகள் சில, மெய்யான கருனி ஒருபோதும் செய்யாத முறையில் செயற்கூறுகளை அழைத்தன. எடுத்துக்காட்டாக, ஏற்கெனவே செல்லுபடியான பதிவின் மேல் புதிய பதிவை நேரடியாக எழுதின. இவற்றை ஐபிஎம் நிறுவனத்தின் அனீஷ் குமார் திருத்தினார். இத்திருத்தங்கள் 5.10 பதிப்பில் இடம்பெற்றன.

2021 ஆம் ஆண்டின் 5.15 பதிப்பில் ரெட் ஹேட் நிறுவனத்தின் கேவின் ஷான் இந்நிரலை மறுசீரமைத்தார். அதுவரை சோதனைக்குத் தேவையான மதிப்புகள் பல மாறிகளில் சிதறி, ஒவ்வொரு செயற்கூறுக்கும் தனித்தனியே அனுப்பப்பட்டன. மேலும் சோதனைக்கான பக்கம் ஒதுக்கியிடமிருந்து முறையாகப் பெறப்படவில்லை. ஆர்ம்64 கட்டமைப்பில், இயக்க உரிமையுள்ள பதிவு எழுதப்படும்போது கட்டளைத் தற்காலிக நினைவகத்தைத் தூய்மைப்படுத்த அப்பக்கம் தொடப்படும். அங்கே மெய்யான பக்கம் இல்லையெனில் கருனி நின்றுவிடும். புதிய வடிவில் எல்லா மதிப்புகளும் ஒரே கட்டமைப்பில் திரட்டப்பட்டு, தொடக்கத்தில் மெய்யான பக்கங்கள் ஒதுக்கப்பட்டு, முடிவில் ஒரே இடத்தில் விடுவிக்கப்பட்டன. ஒழுங்கற்ற அமைப்பு மறைத்து வைத்திருந்த தவறு, அமைப்பை ஒழுங்குபடுத்தியபோது நீங்கியது.

மறுசீரமைப்பு நெறிகள்

கருனிச் சமூகத்தில் இவ்வகை மாற்றங்கள் பேட்ச் எனப்படும் சிறு திருத்தங்களின் வரிசையாக அனுப்பப்படுகின்றன. பொதுவாகப் பின்பற்றப்படும் நெறிகளுள் சில:

- நிரலை ஒரு கோப்பிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் திருத்தத்தில் அந்நிரலை மாற்றக் கூடாது. நகர்த்தல் ஒன்று, மாற்றம் மற்றொன்று.
- வரிசையின் ஒவ்வொரு படியிலும் கருனி கம்பைல் ஆகி இயங்க வேண்டும். பின்னர் வழு தோன்றினால், எந்தத் திருத்தத்தால் வந்தது என்பதைப் பதிப்பு வரலாற்றை இரண்டிரண்டாகப் பிரித்துத் தேடிக் கண்டறிய இது இன்றியமையாதது.
- சோதனை அணைந்த நிலையிலும் இயங்கும் நிலையிலும் இருவேறு முறை சரிபார்க்க வேண்டும்.

இடர்கள்

வழுநீக்க நிரலை மாற்றுவதில் பிற நிரல்களில் இல்லாத ஓர் இடர் உண்டு. கோப்பு முறைமையை மாற்றும்போது தவறு நேர்ந்தால் யாரோ ஒருவர் உடனே முறையிடுவார். வழுநீக்க நிரல் செயலற்றுப் போனால் அறிக்கை எதுவும் வராது. வழு இல்லாதபோதும் அறிக்கை எதுவும் வராது. இரண்டு அமைதிகளும் பார்வைக்கு ஒன்றே. ஆகவே உடைந்த கருவியை நம்பிப் பல மாதங்கள் கழியக்கூடும்.

ஸ்லப் ஒதுக்கியின் வழுநீக்க வசதியைச் சோதிக்க ஒரு செயற்கூறு முன்பே இருந்தது. ஆனால் வழக்கமான கட்டமைவுத் தெரிவுகளில் அது இடம்பெறாததால் யாரும் அதை இயக்கவில்லை. 2021 ஆம் ஆண்டின் 5.14 பதிப்பில், கேயூனிட் என்னும் அலகுச் சோதனைச் சட்டகத்தில் எழுதப்பட்ட புதிய சோதனை அதன் இடத்தைப் பெற்றது. இது வேண்டுமென்றே செவ்வலயத்தையும் நஞ்சூட்டிய இடத்தையும் சிதைத்து, கருவி அதைப் பிடிக்கிறதா என்று பார்க்கிறது. கேசானின் சோதனைகளும் முன்னர் மனிதர் படித்துத் தீர்ப்பளிக்க வேண்டிய அறிக்கைகளை மட்டுமே தந்தன. அவை 2020 ஆம் ஆண்டின் 5.10 பதிப்பில் இதே சட்டகத்திற்கு மாற்றப்பட்டு, தாமே வெற்றி தோல்வியை அறிவிப்பனவாயின.

பயன்கள்

இம்மறுசீரமைப்புகளின் மேல் புதிய கருவிகள் எளிதாக எழுந்தன. 2021 ஆம் ஆண்டின் 5.12 பதிப்பில் சேர்ந்த 'கேஃபென்ஸ்' எல்லா ஒதுக்கீடுகளையும் கண்காணிக்காமல், இயல்பிருப்பாக 100 மில்லி நொடிக்கு ஒன்று வீதம் மாதிரி எடுக்கிறது. 255 துண்டுகளுக்கு அது பயன்படுத்தும் நினைவகம் 4096 பைட்டுப் பக்கங்களைக் கொண்ட கணினியில் 2 மெகாபைட்டு மட்டுமே. அணைந்த நிலையில் செலவின்மைக்காகக் கொண்டுவரப்பட்ட நிலைச் சாவி நுட்பத்தையே இதன் மாதிரி எடுக்கும் முறையும் பயன்படுத்திக்கொண்டது. பயனரின் மெய்யான வழங்கியில் இடையறாது இயங்கும் அளவிற்குச் செலவு குறைந்ததால், சோதனைக் கூடத்தில் தோன்றாத வழுக்களும் அவை தோன்றும் இடத்திலேயே பிடிபட வாய்ப்பு ஏற்பட்டது.